இத்தாலி எப்படி ஒரே நாடாச்சு? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

ஸ்கூல் பசங்களுக்கும் போட்டித் தேர்வுக்கு படிக்கிறவங்களுக்கும் ஐரோப்பா வரலாறு சொல்லித் தர்றவன் நான். வருஷா வருஷம் "தேசியவாதத்தின் எழுச்சி" பாடம் வரும்போது ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். நோட்ஸ்ல வர்ற "மாஜினி ஆன்மா, கவூர் மூளை, கரிபால்டி வாள்"ங்கற வரிய எழுதினா மார்க் கிடைக்கும், எழுதுங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா நடந்தது அப்படி இல்ல.

ஜெர்மனி இருக்கு, கிரீஸ் இருக்கு, போலந்து இருக்கு, எதுக்கு இத்தாலியவே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?

ஜெர்மனி கதைய ஒரு ராணுவமும், பிரஷ்யாங்கற ஜெர்மன் ராஜ்ஜியத்தோட பிரதமர் ஒரு பிஸ்மார்க்கும்னு சுருக்கமா சொல்லிடலாம் (அதுவும் முழு உண்மை இல்ல, கீழ வர்றேன்). இத்தாலியில எல்லாமே இருக்கு, ரகசிய சங்கம், தூக்குத்தண்டனை, நாடு கடத்தல், பேரம், கல்யாண ஒப்பந்தம், ஓட்டுல தில்லுமுல்லு, கவிஞர்கள், துரோகம். தேசம்ங்கறது தானா முளைச்சு வர்ற செடியா இல்ல யாரோ கட்டின வீடாங்கறத புரிஞ்சுக்க இத விட நல்ல உதாரணம் எனக்கு கிடைக்கல. என் கருத்த முதல்லயே சொல்லிடறேன், இத்தாலியில நாடு முதல்ல வந்துச்சு, இத்தாலிக்காரங்க அப்புறம்தான் வந்தாங்க.

1815ல இத்தாலின்னு ஒரு நாடே இல்லையா?

இல்ல. நெப்போலியன் தோத்ததும் 1814-15ல வியன்னாவுல பெரிய ராஜ்ஜியங்கள் எல்லாம் உக்காந்து ஐரோப்பாவ பங்கு போட்டாங்க, அதுல இத்தாலி ஏழெட்டு துண்டா போச்சு. வடமேற்குல பீட்மாண்ட், அதுக்கு தலைநகர் டூரின், சார்டினியா தீவும் இவங்களோடது அதனால ராஜ்ஜியத்தோட பேரு சார்டினியா (தேர்வுல ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி கேப்பாங்க, ஒண்ணுதான்). மிலானும் வெனிஸும் நேரா ஆஸ்திரியா கையில. பார்மா, மொடேனா, டஸ்கனி எல்லாம் குட்டி குட்டி சமஸ்தானங்க, அங்க ஆண்டவங்களும் பெரும்பாலும் ஆஸ்திரிய ராஜகுடும்பத்து சொந்தக்காரங்கதான். நடுவுல ரோம சுத்தி போப்போட ராஜ்ஜியம். அதுக்கு தெற்க நேப்பிள்ஸும் சிசிலியும் சேர்ந்த பூர்பன் வம்ச ராஜ்ஜியம், பரப்புல அதுதான் பெருசு.

ஒவ்வொருத்தருக்கும் தனி காசு, தனி சட்டம், தனி சுங்கம். ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிக் 1847ல இத்தாலிங்கறது வெறும் புவியியல் பேருன்னு எழுதினாரு. திமிராத்தான் சொன்னாரு, ஆனா அன்னிக்கு தேதியில அது பொய்யும் இல்ல.

அப்போ நாம எல்லாம் ஒரே தேசம்ங்கற நினைப்பு எங்கிருந்து வந்துச்சு?

பிரான்ஸ்ல இருந்துதான், அதுவும் பீரங்கியோட வந்துச்சு. 1789 புரட்சிக்கு முன்னாடி நாடுன்னா ராஜாவோட சொத்து, பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கும்போது ஒரு மாகாணம் சீர்வரிசையா போகும், அங்க இருக்கற ஜனங்கள யாரும் கேக்க மாட்டாங்க. புரட்சி வந்து, நாடுங்கறது ராஜா இல்ல ஜனங்கதான்னு சொல்லிடுச்சு. அந்த ஜனங்கள பட்டாளத்துல சேர்த்தா என்ன ஆகும்னு 1793லயே பிரான்ஸ் காட்டிடுச்சு.

நெப்போலியன் 1796ல இத்தாலிக்குள்ள வந்தாரு. பழைய எல்லைகள கலைச்சாரு, ஒரே மாதிரி சட்டம் கொண்டு வந்தாரு, 1805ல வட இத்தாலியில "இத்தாலி ராஜ்ஜியம்"னே ஒண்ண உண்டாக்கி தானே ராஜாவானாரு. இப்ப இருக்கற பச்சை வெள்ளை சிவப்பு கொடி கூட அந்த காலத்துதான், 1797 ஜனவரி 7ல ரெஜியோ எமிலியா ஊர்ல முதல்ல ஏத்துக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா, வந்தவன் கொடுத்த யோசனைய வெச்சே வந்தவன எதிர்க்க கத்துக்கிட்டாங்க. வரியும் கட்டாய ராணுவ சேவையும் தாங்க முடியாம போனப்ப, ஜனங்களுக்குத்தான் நாடுன்னா நாங்களும் ஜனங்கதானேன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஜெர்மனியிலயும் இதே கதைதான், பிரெஞ்சு படை பெர்லின்ல இருந்தப்பதான் தத்துவவாதி ஃபிக்டே அங்க ஜெர்மன் தேசத்துக்கு உரைகள்னு 1807-08ல பேசினாரு.

கார்போனாரி யாரு?

பேருக்கு அர்த்தம் கரி சுடறவங்க. ரகசிய சங்கம், சத்தியப்பிரமாணம், அடையாள சைகை எல்லாம் உண்டு. ராணுவ அதிகாரிங்க, வக்கீலுங்க, படிச்ச இளைஞர்கள்தான் அதிகம். 1820ல நேப்பிள்ஸ்ல, 1821ல பீட்மாண்ட்ல கிளர்ச்சி பண்ணி அரசியலமைப்பு கேட்டாங்க, ரெண்டையும் ஆஸ்திரிய ராணுவம் வந்து அடக்கிடுச்சு. அவங்களுக்கு ராஜா அதிகாரத்த குறைக்கணும்ங்கறது தெளிவா இருந்துச்சு, முழு இத்தாலியையும் ஒண்ணாக்கணும்ங்கறது அவ்ளோ தெளிவா இல்ல.

மாஜினி அப்படி என்ன புதுசா செஞ்சாரு?

ஜூசெப்பே மாஜினி, 1805ல ஜெனோவாவுல பிறந்தவரு, டாக்டர் பையன். கார்போனாரியில சேர்ந்தாரு, 1830ல பிடிபட்டு சவோனா கோட்டையில ஜெயில், அப்புறம் நாட்ட விட்டு வெளிய. 1831ல பிரான்ஸ்ல மார்சேய் ஊர்ல "இளம் இத்தாலி" சங்கத்த ஆரம்பிச்சாரு. 40 வயசுக்கு மேலன்னா பொதுவா சேத்துக்க மாட்டாங்க!

புதுசு என்னன்னா மூணு விஷயத்த அவரு ஒண்ணா கட்டினாரு. இத்தாலி ஒண்ணா இருக்கணும், அந்நியன் கையில இருக்கக்கூடாது, ராஜாவே இல்லாத குடியரசா இருக்கணும். இதோட தேசபக்திய கிட்டத்தட்ட ஒரு மதமாவே ஆக்கிட்டாரு, தேசம்ங்கறது கடவுள் கொடுத்த கடமைன்னு பேசுவாரு. பக்கத்து நாட்டுக்காரன வெறுக்கறது அவர் கணக்குல தேசியம் கிடையாது. 1834ல "இளம் ஐரோப்பா"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சு போலந்துக்காரங்க, ஜெர்மன்காரங்கள கூட சேர்த்துக்கிட்டாரு. எல்லா தேசமும் விடுதலை ஆயிட்டா அப்புறம் சண்டையே வராதுன்னு நம்பினாரு. பாவம்.

செயல்ல பாத்தா வரிசையா தோல்விதான். 1834ல பீட்மாண்டோட சவோய் பகுதி மேல படையெடுப்பு, புஸ்ஸுன்னு போச்சு. 1844ல அதே கனவோட பந்தியேரா சகோதரர்கள் தெற்கு இத்தாலியில கலாப்ரியாவுல இறங்கி மாட்டிக்கிட்டு சுட்டுக் கொல்லப்பட்டாங்க. மாஜினி 1837ல இருந்து லண்டன்ல ஒண்டு குடித்தனம், கடிதம் எழுதியே இயக்கத்த நடத்தினாரு. அந்த கடிதங்கள யாரோ பிரிச்சுப் படிக்கிறாங்கன்னு சந்தேகம் வந்து கவருக்குள்ள கசகசா, மணல், தலைமுடி எல்லாம் போட்டு அனுப்பி சோதிச்சுப் பாத்தாரு, போய் சேரும்போது உள்ள இருக்கறது காணோம். பிரிச்சது பிரிட்டிஷ் அரசாங்கம்! 1844ல பார்லிமெண்ட்ல அது பெரிய ரகளையாச்சு. எனக்கு மாஜினிய பத்தி பிடிச்ச கதையே இதுதான்.

1848ல என்ன நடந்துச்சு? எல்லா இடத்துலயும் அந்த வருஷம் வருதே?

ஆமா, அது புரட்சி தீ மாதிரி பரவின வருஷம். ஜனவரியில சிசிலியில பலெர்மோ, பிப்ரவரியில பாரிஸ், மார்ச்ல வியன்னா (மெட்டர்னிக் வேலைய விட்டுட்டு ஓடிட்டாரு, மார்ச் 13), பெர்லின், புடாபெஸ்ட் பக்கம், மிலான்.

மிலான் கதைய கொஞ்சம் விவரமா சொல்லணும். அங்க புகையிலை ஆஸ்திரிய அரசாங்கத்தோட ஏகபோகம், பெரிய வருமானம். 1848 புத்தாண்டுல இருந்து மிலான்காரங்க சுருட்டு பிடிக்கறதயே நிறுத்திட்டாங்க, கஜானாவுக்கு அடி விழட்டும்னு. பதிலுக்கு ஆஸ்திரிய சிப்பாய்ங்க வேணும்னே தெருவுல சுருட்ட ஊதிக்கிட்டு திரிஞ்சாங்க, கைகலப்பாகி சிலர் செத்தாங்க. நம்ம ஊர் அந்நிய துணி பகிஷ்காரம் ஞாபகம் வருதா, இது அதுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல முன்னாடி. மார்ச் 18ல இருந்து 22 வரைக்கும் அஞ்சு நாள் தெருச்சண்டை போட்டு ஆஸ்திரிய தளபதி ராடெட்ஸ்கி படையையே ஊர விட்டு துரத்தினாங்க.

அதுக்கப்புறம்தான் சொதப்பல். பீட்மாண்ட் ராஜா சார்லஸ் ஆல்பர்ட் இத்தாலி தன் காரியத்த தானே பாத்துக்கும்னு சொல்லி போருக்கு போனாரு, 1848 ஜூலையில குஸ்தோசாவுல தோல்வி, 1849 மார்ச்ல நொவாராவுல மறுபடி தோல்வி, பையன் விக்டர் இம்மானுவேலுக்கு முடிய கொடுத்துட்டு போயிட்டாரு. ரோம்ல போப் தப்பிச்சு ஓட, 1849 பிப்ரவரியில குடியரசு அமைஞ்சு மாஜினி மூணு தலைவர்கள்ல ஒருத்தரானாரு, வாழ்க்கையில அவரு ஆட்சி செஞ்சது அந்த சில மாசம்தான். அத அழிச்சது யாருன்னு நினைக்கறீங்க? ஆஸ்திரியா இல்ல, பிரெஞ்சு குடியரசோட ராணுவம்! கத்தோலிக்கர் ஓட்டுக்காக அதோட ஜனாதிபதி லூயி நெப்போலியன் (பழைய நெப்போலியனோட தம்பி மகன்) அனுப்பினது.

தேறினது ஒண்ணே ஒண்ணு. 1848ல கொடுத்த அரசியலமைப்ப மத்த எல்லா ராஜாக்களும் ரத்து பண்ணப்ப பீட்மாண்ட் மட்டும் பண்ணல. அதனால அடுத்த பத்து வருஷம் நாடு கடத்தப்பட்டவங்க எல்லாம் டூரின்ல வந்து குவிஞ்சாங்க.

கவூர் தேசியவாதியா?

நல்ல கேள்வி. கவூர் 1810ல பிறந்த பிரபு, விவசாயம், பேங்கு, ரயில்வே இதுல எல்லாம் கில்லாடி, 1852ல பிரதமர். எழுதினது பேசினது பெரும்பாலும் பிரெஞ்சுல, இத்தாலிய மொழி தடுமாறித்தான் வரும். பாரிஸ், லண்டன் எல்லாம் போய் வந்தவரு, ஆனா டஸ்கனிக்கு தெற்க காலே வெச்சதில்ல, ரோமையோ நேப்பிள்ஸையோ பாக்காமலே செத்துட்டாரு. மொத்த தீபகற்பத்தையும் ஒண்ணாக்கணும்ங்கறது ரொம்ப நாள் அவர் திட்டத்துலயே இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன், அவருக்கு வேண்டியது ஆஸ்திரியாவ விரட்டிட்டு வடக்குல பெரிய பீட்மாண்ட்.

ஆனா மாஜினிக்கு புரியாத ஒண்ணு இவருக்கு புரிஞ்சுது, நாடு வேணும்னா இன்னொரு வல்லரசோட தயவு வேணும். 1855ல கிரிமியா போருக்கு பதினஞ்சாயிரம் சிப்பாய அனுப்பினாரு. ரஷ்யாவோட பீட்மாண்டுக்கு என்ன தகராறு? ஒண்ணும் இல்ல. சமாதானப் பேச்சுல பிரிட்டன், பிரான்ஸ் பக்கத்துல உக்கார ஒரு நாற்காலி கிடைக்கும், அவ்ளோதான்.

1858 ஜனவரியில ஓர்சினின்னு ஒரு இத்தாலிக்காரர் பாரிஸ்ல மூணாம் நெப்போலியன் (அதே லூயி நெப்போலியன்தான், இப்ப சக்கரவர்த்தி) மேல குண்டு வீசினாரு. சக்கரவர்த்தி தப்பிச்சுட்டாரு. கோவத்துல இத்தாலி பக்கமே திரும்ப மாட்டார்னு பாத்தா, அதே வருஷம் ஜூலையில ப்ளோம்பியேர் ஊர்ல கவூர ரகசியமா கூப்பிட்டு டீல் பேசினாரு. ஆஸ்திரியாவ விரட்ட பிரான்ஸ் உதவும், பதிலுக்கு சவோயும் நீஸும் பிரான்ஸுக்கு. கூடவே பீட்மாண்ட் ராஜா மகள் குளோத்தில்ட், 15 வயசு, நெப்போலியனோட 36 வயசு பெரியப்பா... இல்ல சித்தப்பா பையனுக்கு கட்டிக் கொடுக்கணும். 1859 ஜனவரியில கல்யாணமும் நடந்துச்சு. 1789லயே முடிஞ்சு போச்சுன்னு சொன்ன சீர்வரிசை அரசியல் இங்க தேசத்தோட பேர்லயே நடக்குது பாருங்க.

1859 போர் எப்படி முடிஞ்சுது?

ஜூன் 4 மஜென்தா, ஜூன் 24 சோல்ஃபெரினோ, ரெண்டுலயும் ஆஸ்திரியா பின்வாங்குச்சு. சோல்ஃபெரினோ பயங்கரம், ஒரே நாள்ல செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாம போனவங்க எல்லாம் சேர்த்து நாப்பதாயிரம் பேர் வரைக்கும். அத நேர்ல பாத்த ஹென்றி துனான் எடுத்த முயற்சிதான் செஞ்சிலுவைச் சங்கமாச்சு. நெப்போலியனும் மிரண்டு போய் கவூர கேக்காமலே ஜூலையில ஆஸ்திரியாவோட சமாதானம் பண்ணிட்டாரு. லொம்பார்டி (மிலான் பக்கம்) கிடைச்சுது, வெனிஸ் கிடைக்கல. கவூர் கடுப்பாகி ராஜினாமா பண்ணிட்டு 1860 ஜனவரியில திரும்ப வந்தாரு. டஸ்கனி, மொடேனா, பார்மா எல்லாம் பழைய ராஜாக்கள துரத்திட்டு ஓட்டு போட்டு சேர்ந்துக்கிட்டாங்க.

கரிபால்டி நிஜமாவே ஆயிரம் பேரோட ஒரு ராஜ்ஜியத்த பிடிச்சாரா?

நிஜமாத்தான். 1807ல நீஸ்ல பிறந்த கப்பல்காரர், 1834 கிளர்ச்சியில தூக்கு விதிச்சதால தென் அமெரிக்காவுக்கு ஓடி பிரேசில்லயும் உருகுவேயிலயும் பன்னெண்டு வருஷத்துக்கு மேல கெரில்லா சண்டை போட்டவரு. 1860ல தன் சொந்த ஊரு நீஸையே கவூர் பிரான்ஸுக்கு தூக்கிக் கொடுத்துட்டார்னு கொதிச்சுப் போயிருந்தாரு. அந்த கோவத்தோடதான் மே மாசம் ஜெனோவா பக்கத்துல இருந்து ரெண்டு பழைய நீராவிக் கப்பல்ல ஆயிரத்து சொச்சம் பேரோட கிளம்பினாரு. வக்கீலு, டாக்டரு, காலேஜ் பசங்க, கையில துருப்பிடிச்ச துப்பாக்கி, மேல சிவப்பு சட்டை.

மே 11ல சிசிலியில மர்சாலாவுல இறங்கினாங்க. தீவுல பூர்பன் படை இருபதாயிரத்துக்கு மேல. ஆனா ஏப்ரல்லயே பலெர்மோவுல கிளர்ச்சி வெடிச்சு கிராமங்கள் எல்லாம் கொந்தளிச்சுட்டு இருந்துச்சு, கலத்தாஃபிமியில முதல் சண்டைய ஜெயிச்சதும் விவசாயிங்க வந்து சேர ஆரம்பிச்சாங்க. மாசக் கடைசிக்குள்ள பலெர்மோ, செப்டம்பர் 7ல நேப்பிள்ஸ். நேப்பிள்ஸுக்குள்ள அவரு எப்படி நுழைஞ்சாரு தெரியுமா, ரயில் ஏறி! படை பின்னாடி வந்துட்டு இருக்கு, இவரு கொஞ்சம் ஆளுங்களோட ரயில்ல வந்து இறங்கறாரு, முந்தின நாளே ராஜா ஊர விட்டு போயிட்டாரு.

இவரு அடுத்து ரோமுக்கு போயிட்டா பிரான்ஸோட சண்டை வரும் (போப்ப காக்க அங்க பிரெஞ்சு படை இருந்துச்சு), குடியரசும் வந்துடும்னு கவூருக்கு பயம். உடனே ராஜாவோட ராணுவத்த வடக்க இருந்து இறக்கினாரு. அக்டோபர் 26ல டெயானோ பக்கத்துல கரிபால்டி ராஜாவ பாத்து, பிடிச்ச ராஜ்ஜியத்த அப்படியே கொடுத்துட்டு கப்ரேரா தீவுக்கு போயிட்டாரு, கூட எடுத்துட்டு போனதுல சொல்லிக்கற மாதிரி இருந்தது ஒரு மூட்டை விதைதான்.

சிசிலி விவசாயிங்களுக்கும் இத்தாலி தேசிய உணர்வு இருந்துச்சா?

அவங்களுக்கு இருந்தது நில உணர்வு. "வாழ்க இத்தாலி"ன்னு கத்தினப்ப, இத்தாலிங்கறது ராஜாவோட பொண்டாட்டி பேருன்னு சில கிராமத்துல நினைச்சாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க, உண்மையோ பொய்யோ நிலைமைய சரியா சொல்லுது.

கரிபால்டி ஜூன் 2ல, சண்டை போடறவங்களுக்கு பொது நிலத்துல பங்குன்னு உத்தரவு போட்டாரு. ஜனங்க அத நம்பினாங்க. எட்னா மலை அடிவாரத்துல ப்ரொன்தேன்னு ஒரு ஊரு, அங்க பெரிய பண்ணை யாரோடதுன்னா இங்கிலீஷ்காரர் அட்மிரல் நெல்சன் வாரிசுகளோடது, பூர்பன் ராஜா இனாமா கொடுத்தது. ஆகஸ்ட்ல நிலத்த பிரிச்சுக் கொடுங்கன்னு கேட்டு கலவரமாச்சு, ஊர் பெரிய மனுஷங்க பத்து பதினஞ்சு பேர் கொல்லப்பட்டாங்க. கரிபால்டியோட தளபதி நினோ பிக்ஸியோ வந்து அவசர விசாரணை நடத்தி அஞ்சு பேர சுட்டுத் தள்ளினாரு. விடுதலை பண்ண வந்தவங்கதான் சுட்டது. பாடப்புத்தகத்துல மர்சாலா வரும், ப்ரொன்தே வராது.

இது இத்தாலிக்கு மட்டும் இல்ல. 1846ல ஆஸ்திரியா கையில இருந்த போலந்து பகுதியான கலீசியாவுல போலந்து பிரபுக்கள் தேசத்துக்காக கிளர்ச்சி பண்ணப்ப, போலிஷ் பேசற விவசாயிங்களே திரும்பி அந்த பிரபுக்கள வெட்டிப் போட்டாங்க. அவங்களுக்கு எதிரின்னா கூலி இல்லாம வேலை வாங்கற பண்ணையார்தான், தூரத்துல இருக்கற ஆஸ்திரிய சக்கரவர்த்தி இல்ல.

ஜனங்க ஓட்டு போட்டுத்தானே சேர்ந்தாங்க? 99 சதவீதம் வந்துச்சே?

வந்துச்சு. 1860 அக்டோபர்ல நேப்பிள்ஸ் பக்கம் மட்டும் ஆமான்னு 13 லட்சம், வேணாம்னு 10 ஆயிரத்து சொச்சம். ஆனா ஓட்டு போட்ட விதத்த பாருங்க. பல இடத்துல ஆமா பெட்டி தனியா, இல்ல பெட்டி தனியா எல்லாரும் பாக்கற மாதிரி வெச்சிருந்தாங்க, பக்கத்துல காவல் படை. இல்ல பெட்டியில போடறவன் தைரியசாலிதான். ஆதரவே இல்லைன்னு சொல்ல வரல, நகரங்கள்ல நிஜமான உற்சாகம் இருந்துச்சு. ஆனா இந்த நம்பர வெச்சு ஜனங்க மனச அளக்க முடியாது.

அப்புறம் 1861 மார்ச் 17ல இத்தாலி ராஜ்ஜியம்னு அறிவிச்சாங்க. பார்லிமெண்டுக்கு ஓட்டுரிமை 100ல ரெண்டு பேருக்குத்தான், சொத்து வரி கட்டற படிச்ச ஆம்பளைங்களுக்கு. புது நாட்டோட முதல் ராஜாவுக்கு பேரு என்ன தெரியுமா? இரண்டாம் விக்டர் இம்மானுவேல். பீட்மாண்ட்ல ரெண்டாவதா இருந்தாரு, இத்தாலியிலயும் ரெண்டாவதாவே இருந்துட்டாரு. இது பெருசாக்கின பீட்மாண்ட்தான்னு தெற்க இருக்கறவங்களுக்கு அதுலயே புரிஞ்சுடுச்சு.

எல்லாரும் இத்தாலிய மொழி பேசினாங்க, அதனாலதான் ஒண்ணானாங்கன்னு சொல்றாங்களே?

தப்பு, அதுவும் பெரிய தப்பு. 1861ல அன்றாட பேச்சுல இத்தாலிய மொழி வெச்சிருந்தவங்க 100க்கு ரெண்டு மூணு பேர்தான்னு ஒரு கணக்கு, தாராளமா கணக்கு போட்டவங்க கூட 10 வரைக்கும்தான் போறாங்க. மத்தவங்க பேசினது வெனிஸ் பேச்சு, நேப்பிள்ஸ் பேச்சு, சிசிலி பேச்சு, பீட்மாண்ட் பேச்சு, ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு புரியாது. நாம இத்தாலிய மொழின்னு சொல்றது கவிஞர் தாந்தே காலத்து ஃப்ளாரன்ஸ் எழுத்து மொழி, படிச்சவங்க எழுதற மொழி. நாவலாசிரியர் மன்சோனி மிலான்காரரு, தன் நாவல ஃப்ளாரன்ஸ் பேச்சுக்கு மாத்தி 1840ல மறுபடி வெளியிட்டாரு, 1868ல அரசாங்கம் அவர்கிட்டயே மொழிய எப்படி பரப்பறதுன்னு அறிக்கை வாங்குச்சு. நாலுல மூணு பேருக்கு எழுத்தே தெரியாத நாட்டுல வேற எப்படி பரப்பறது? பள்ளிக்கூடம், கட்டாய ராணுவம் (வெனிஸ் பையன பலெர்மோவுக்கும் பலெர்மோ பையன வடக்கயும் அனுப்பினா பொது மொழி வேணும்ல), செய்தித்தாள், கடைசியா 1954ல வந்த டிவி. டிவிதான் வேலைய முடிச்சுதுன்னு சொல்றவங்க உண்டு, நானும் அந்த கட்சிதான்.

பிரான்ஸ் இன்னும் பழைய நாடு, அங்கேயே 1863ல அரசாங்கம் எடுத்த கணக்குல கால்வாசி ஊர்களுக்கு கிட்ட பிரெஞ்சு பேசல. 1881-82ல இலவச கட்டாயக் கல்வி வந்து வாத்தியார் பிரம்போட நின்ன பிறகுதான் மாறுச்சு.

ஒண்ணான பிறகு தெற்குல ஏன் உள்நாட்டுப் போர் மாதிரி ஆச்சு?

வரி ஏறுச்சு, நிலம் கிடைக்கல, பையன்கள பட்டாளத்துக்கு பிடிச்சுட்டு போனாங்க, பழைய ராணுவத்த கலைச்சதுல ஆயிரக்கணக்கான சிப்பாய் வேலை இல்லாம மலையேறினாங்க. அரசாங்கம் இதுக்கு கொள்ளைக்காரங்க தொல்லைன்னு பேரு வெச்சுது. 1861 ஆகஸ்ட்ல பொன்தெலந்தோல்ஃபோ ஊர ராணுவம் கொளுத்துச்சு, 1863ல பிக்கா சட்டம்னு போட்டு ராணுவ கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்தாங்க, ஒரு கட்டத்துல தெற்குல லட்சம் சிப்பாய்க்கு மேல நின்னாங்க. 1869ல மாவு அரைக்கவே வரி! அப்புறம் ஜனங்க காலால ஓட்டு போட்டாங்க, 1876ல இருந்து 1915 வரைக்கும் ஒரு கோடியே நாப்பது லட்சம் பேர் போல மொத்த இத்தாலியில இருந்தும் வெளிநாட்டுக்கு பிழைக்க போனாங்க.

மாஜினி, கவூர், கரிபால்டி மூணு பேரும் சேர்ந்து வேலை செஞ்சாங்களா இல்லையா?

மாஜினி மேல கவூர் அரசாங்கம் போட்ட தூக்குத்தண்டனை இருந்துச்சு. கரிபால்டி 1861 ஏப்ரல்ல பார்லிமெண்ட்லயே கவூர் மூஞ்சிக்கு நேரா, உள்நாட்டுச் சண்டைய மூட்டப் பாத்தவர்னு கத்தினாரு. மாஜினிக்கு கரிபால்டி ராஜாகிட்ட மண்டியிட்டவரு. 1862ல ரோமுக்கு போறேன்னு கிளம்பின கரிபால்டிய அஸ்ப்ரொமோன்தே மலையில இத்தாலி ராணுவமே கால்ல சுட்டுச்சு. இவங்க மூணு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சது எல்லாம் பிற்காலத்து சிலைகள்லயும் பாடப்புத்தகத்துலயும்தான்.

ஜெர்மனியும் இதே மாதிரிதானா?

ஒரு விதத்துல ஆமா. 1848 மே மாசம் ஃப்ராங்ஃபர்ட்ல படிச்சவங்க கூடி பார்லிமெண்ட் நடத்தி, பேசிப் பேசி 1849ல பிரஷ்ய ராஜாவுக்கு முடி கொடுத்தாங்க, அவரு ஜனங்க கையால முடி வாங்க மாட்டேன்னுட்டாரு. கடைசியில 1864, 1866, 1870 மூணு போர்ல பிஸ்மார்க் முடிச்சாரு, 1871 ஜனவரி 18ல ஜெர்மன் பேரரச அறிவிச்ச இடம் ஜெர்மனியிலயே இல்ல, பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனையில. ஆனா அங்க 1834லயே சுங்கக் கூட்டணி வந்து சந்தை ஒண்ணாகியிருந்துச்சு, படிப்பறிவு அதிகம், தொழிற்சாலை அதிகம். பீட்மாண்டுக்கு பிரஷ்யா அளவு பலம் கிடையாது, அதனால இத்தாலிக்கு எப்பவும் அடுத்தவன் போர்லதான் லாபம். 1866ல பிரஷ்யாவோட சேர்ந்து சண்டை போட்டு தரையிலயும் கடல்லயும் தோத்தாங்க, ஆனா பிரஷ்யா ஜெயிச்சதால வெனிஸ் கிடைச்சுது. 1870ல பிரான்ஸ் ஜெர்மன்கிட்ட அடி வாங்கி ரோம்ல இருந்த படைய கூப்பிட்டுக்கிச்சு, செப்டம்பர் 20ல இத்தாலி உள்ள புகுந்துச்சு.

போப் என்ன பண்ணாரு?

வாடிகன்ல கைதின்னு சொல்லிக்கிட்டு உள்ளயே உக்காந்துட்டாரு. கத்தோலிக்கர் தேசியத் தேர்தல்ல கலந்துக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. சமரசம் 1929லதான், முசோலினி காலத்துல.

இந்தியாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பாரதியார் "மாஜினியின் சபதம்"னு பாட்டே எழுதியிருக்காரு, இளம் இத்தாலியில சேரும்போது எடுக்கற பிரதிக்கினைதான் அது. சாவர்க்கர் மாஜினிய மராத்தியில கொண்டு வந்தாரு. அந்த காலத்து இளைஞர்களுக்கு மாஜினி, கரிபால்டி எல்லாம் பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி. இந்த மயக்கத்த சந்தேகப்பட்டது காந்தி. 1909ல ஹிந்த் ஸ்வராஜ்ல இத்தாலிக்குன்னு ஒரு அத்தியாயமே ஒதுக்கி, மாஜினி நினைச்ச இத்தாலி வேற, ராஜாவும் கவூரும் நினைச்ச இத்தாலி வேற, ஆஸ்திரியாக்காரன் போனதால உழைக்கிற ஜனத்துக்கு என்ன கிடைச்சுதுன்னு கேட்டாரு. ப்ரொன்தே கேட்ட கேள்வியும் அதான்.

மாஜினி கடைசியில என்ன ஆனாரு?

1866ல மெசினா ஊர் ஜனங்க அவர எம்.பி.யா தேர்ந்தெடுத்தாங்க, அவர் மேல தண்டனை இருக்குன்னு சொல்லி பார்லிமெண்ட் அத செல்லாதுன்னுடுச்சு. மறுபடியும் தேர்ந்தெடுத்தாங்க, மறுபடியும் செல்லாது. 1870ல சிசிலிக்கு போற வழியில பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க, ரோம் கிடைச்ச சந்தோஷத்துல விட்டாங்க. 1872 மார்ச் 10ல பீசாவுல ஒரு நண்பர் வீட்டுல செத்தாரு. அந்த வீட்டுல அவர் தங்கியிருந்தது சொந்தப் பேருல இல்ல, பிரவுன்னு ஒரு இங்கிலீஷ்காரர் பேருல.